முதுகுக்கு ஒரு தடைக்காலம்

‘காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு.’ முதுகுத்தண்டு சிகிச்சைக்கான விளம்பரங்கள் இப்போது இந்தத் தொனியில்தான் வருகின்றன. திருச்சிக்கோ மதுரைக்கோ பேருந்தில் போகிறவர்கள் இப்படி ஒரு பலகையையாவது வழியில் பார்த்திருப்பார்கள். சின்னத் துளை, ஒரே ஒரு தையல், அன்றைக்கே எழுந்து நடக்கலாம். இதில் பெரும்பகுதி உண்மைதான். மாலையில் வீடு போய்ச் சேர்ந்தவர் அடுத்த இரண்டு மாதம் எதை வைத்துச் சாப்பிடுவார் என்பதை மட்டும் அந்தப் பலகைகள் சொல்வதில்லை. வீடு ஜெகதாப்பட்டினத்தில் இருந்து, அவர் விசைப்படகு வேலைக்குப் போகிறவராகவும் இருந்தால், சிகிச்சையின் கடினமான பகுதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

மணமேல்குடியைத் தாண்டித் தெற்கே போனால் கோட்டைப்பட்டினம், அடுத்து ஜெகதாப்பட்டினம். புதுக்கோட்டை மாவட்டத்தின் விசைப்படகுகள் நிற்பது இந்த இரண்டு தளங்களில்தான். செய்தித்தாளில் இந்த ஊர்களின் பெயர் அடிபடுவதெல்லாம் இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்யும்போதுதான். கைதாகாத நாட்களில் அங்கே நடக்கும் வேலையைப் பற்றி நாம் எழுதுவது குறைவு. பாக் விரிகுடாவில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்பது பழைய ஏற்பாடு. மீன்துறையின் டோக்கனோடு கிளம்பும் விசைப்படகு மறுநாள் கரைக்குத் திரும்பும். அதற்குள் டீசல் கேன் ஏற வேண்டும், ஐஸ் ஏற வேண்டும், மடி என்கிற இழுவலைப் பை இறங்க வேண்டும். வின்ச் கயிற்றை இழுத்துக் கொடுக்கும். கடைசியில் கனத்துத் தொங்கும் மடியைப் படகுக்குள் சரித்துக் கொட்டுவது ஆட்களின் கையும் இடுப்பும்தான். அதற்குப் பிறகு வருவது இன்னும் மோசம். இறால், நண்டு, கணவாய், சங்காயம் எனப்படும் கழிவுமீன் என்று குவியலைப் பிரிக்க மணிக்கணக்கில் குனிந்தோ குத்தவைத்தோ இருக்க வேண்டும். காலுக்கடியில் இன்ஜின் அதிர்ந்துகொண்டே இருக்கும், படகு ஆடிக்கொண்டே இருக்கும்.

குனிவது, இடுப்பைத் திருப்பிக்கொண்டே கனம் தூக்குவது, இடைவிடாத அதிர்வு. கீழ்முதுகைக் கெடுப்பவை எவை என்று தொழில்சார் மருத்துவம் படித்தவர்களைக் கேட்டால் சொல்லும் பட்டியல் ஏறக்குறைய இதுதான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், எல்லா வசதியும் சரியாக அமைந்த இடத்தில்கூட ஒருவர் தூக்கும் சுமை 23 கிலோவைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்கிறது. ஆடும் தளத்தில், ஈரக் கையோடு தூக்குகிறவருக்கு அந்தக் கணக்கு இன்னும் குறையும். கரையில் கூடை சுமக்கிற, நாள் முழுக்க உட்கார்ந்து நண்டு உடைக்கிற பெண்களின் இடுப்புக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

இப்படிக் கெடும் முதுகின் நோய்க்கு ஊரில் பெயர் ஜவ்வு விலகல். முதலில் இடுப்புப் பிடிப்பு. ஒத்தடம், எண்ணெய், சுளுக்கு வழிப்பது. பிறகு வலி புட்டத்தில் இறங்கி, தொடையின் பின்பக்கமாகக் கெண்டைக்காலுக்குப் போய், பாதம் மரத்துப்போகும். இருமினால் சுரீர் என்று இழுக்கும். அப்போதுதான் ஸ்கேன் என்ற பேச்சே வரும்.

முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் அந்த ஜவ்வுக்கு, அதாவது டிஸ்க்குக்கு, ஒரு விசேஷம் உண்டு. வளர்ந்தவர் உடம்பில் ரத்தக்குழாய் இல்லாத உறுப்புகளில் அதுதான் பெரியது. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து மெல்லிய குருத்தெலும்புத் தகட்டின் வழியாக ஊறி வருவதுதான் அதற்குச் சாப்பாடு. இதை உயிரோடு இருக்கும் மனிதர்களிடமே பார்த்துக் காட்டியவர்கள் நம் ஊர்க்காரர்கள். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ்.ராஜசேகரனும் அவரது குழுவினரும் ரத்தத்தில் ஒரு மருந்தைச் செலுத்தி, அது டிஸ்க்குக்குள் எப்படிப் பரவுகிறது என்று மணிக்கணக்கில் எம்ஆர்ஐ எடுத்துத் தொடர்ந்தார்கள். 2004இல் அந்த ஆய்வு வெளியானது. 2013இல் அதே குழு இன்னொன்றைச் சொன்னது. டிஸ்க்கைச் சுற்றியுள்ள வளையம் நடுவில் கிழிந்து உள்ளே இருக்கும் கூழ் பிதுங்குகிறது என்றுதான் அதுவரை பாடப்புத்தகங்கள் எழுதிவந்தன. அறுவை சிகிச்சைக்கு வந்த 181 பேரைப் பரிசோதித்ததில், சுமார் 65 சதவீதம் பேருக்கு அந்த வளையம் எலும்போடு ஒட்டும் விளிம்பில்தான் பெயர்ந்திருந்தது. சாப்பாடு வரும் வாசலும் உடையும் இடமும் கிட்டத்தட்ட ஒன்றே. வருடக்கணக்கில் சுமை ஏறி ஏறி அந்த விளிம்பு நைந்துபோவதற்கும், ஒரு நாள் ஐஸ் பெட்டியைத் தூக்கும்போது ‘படக்’ என்று பிடித்துக்கொள்வதற்கும் உள்ள உறவு இதிலிருந்து கொஞ்சம் விளங்கும்.

பிதுங்கிய துண்டை எடுத்துவிட்டால் கால்வலி போகும் என்பது மருத்துவத்துக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. 1909 வாக்கில் ஜெர்மனியில் இப்படி ஒரு துண்டை வெற்றிகரமாக எடுத்தவர்கள் அதைக் கட்டி என்று நினைத்துக்கொண்டார்கள். அது கட்டி அல்ல, டிஸ்க்தான் என்று பாஸ்டன் நகர மருத்துவர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதியது 1934இல். நாற்பது ஆண்டுகள் முதுகை நீளமாகத் திறந்து, தசையை ஒதுக்கி, எலும்பைக் கொத்தி எடுத்தார்கள். எழுபதுகளின் கடைசியில் நுண்ணோக்கி வந்து கீறலைச் சில சென்டிமீட்டராகச் சுருக்கியது.

நடுவில் பப்பாளியும் வந்துபோனது. பப்பாளிப் பாலில் இருக்கும் என்சைமை ஊசியில் ஏற்றி டிஸ்க்கைக் கரைக்கும் சிகிச்சையை லைமன் ஸ்மித் என்ற அமெரிக்க மருத்துவர் 1964இல் அறிமுகப்படுத்தினார். கறி வேக நம் வீடுகளில் பப்பாளிக்காய் சேர்ப்பதும் இதே வகை என்சைமுக்காகத்தான். 1982இல் அங்கே அரசின் அனுமதி கிடைத்தது. ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பலனும் தந்தது. கூடவே சிலருக்கு உயிரைப் பறிக்கும் ஒவ்வாமையும், மிகச் சிலருக்குப் பக்கவாதம் போன்ற முடக்கமும் வந்ததில், 2003 வாக்கில் சந்தையிலிருந்தே மறைந்தது. புதிதாக வருவதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

பலகைகள் சொல்லும் சின்னத் துளை சிகிச்சை, அதாவது எண்டோஸ்கோப், அந்த வகை அல்ல. பார்விஸ் கம்பின் என்ற ஈரானில் பிறந்த மருத்துவர், பிலடெல்பியாவில் இருந்தபடி, முதுகின் பக்கவாட்டிலிருந்து நரம்பைத் தொடாமல் டிஸ்க்கை அடைய ஒரு முக்கோண இடைவெளி இருக்கிறது என்று காட்டினார். அந்த முக்கோணம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. தொண்ணூறுகளின் கடைசியில் அரிசோனாவின் ஆண்டனி யங், அந்த வழியில் நுழையும் கருவிக்கு ஒரு முழுமையான வடிவம் கொடுத்தார்.

நடப்பது இதுதான். நோயாளி குப்புறப் படுத்திருப்பார். பல இடங்களில் முழு மயக்கம் கொடுப்பதில்லை. இடத்தை மரக்கச் செய்துவிட்டு, லேசான தூக்கமருந்து மட்டும் தருவார்கள். நடுமுதுகிலிருந்து சுமார் அரைச் சாண் விலகி, விலாப்பக்கம் ஒரு ஊசி இறங்கும். எக்ஸ்ரே திரையைப் பார்த்துப் பார்த்து அதை அந்த முக்கோணத்துக்குக் கொண்டுபோவார்கள். ஊசியின் மேல் கம்பி, கம்பியின் மேல் ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்கள். கடைசியாக நிற்கும் குழாயின் அகலம் ஏழெட்டு மில்லிமீட்டர். அதற்குள் கேமரா, விளக்கு, ஓடிக்கொண்டே இருக்கும் உப்புநீர், ஒரு சின்ன இடுக்கி எல்லாம் அடங்கும். திரையில் நரம்பு வெளிர்மஞ்சளாகத் தெரியும், அதை அழுத்திக்கொண்டிருக்கும் துண்டு இழை இழையாக வெளியே வரும். நோயாளி விழித்திருப்பதில் ஒரு லாபம் உண்டு: கருவி நரம்பை உரசினால் ‘கால் இழுக்குது டாக்டர்’ என்று அவரே சொல்லிவிடுவார். எந்தக் கண்காணிப்புக் கருவியும் இவ்வளவு வேகமாகச் சொல்லாது. இடுப்பெலும்பு குறுக்கே வரும் கடைசி டிஸ்க்குக்குப் பின்பக்க வழியும் இருக்கிறது. இன்னொன்று, இதைப் பலரும் ‘லேசர் ஆபரேஷன்’ என்கிறார்கள். பெரும்பாலும் இதில் லேசருக்கு வேலையே இல்லை.

பலன் எப்படி? 2022இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் நெதர்லாந்து ஆய்வு ஒன்று வந்தது. 613 பேர், பாதிப் பேருக்கு எண்டோஸ்கோப், பாதிப் பேருக்கு நுண்ணோக்கி வழி வழக்கமான அறுவை. ஒரு வருடம் கழித்துப் பார்த்ததில் எண்டோஸ்கோப் எந்த வகையிலும் குறைந்ததில்லை, கால்வலியில் கொஞ்சம் கூடுதலாகவே நன்றாக இருந்தது. கொஞ்சம்தான். அதாவது, பழைய முறையை நன்றாகச் செய்கிற ஒருவரிடம் அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றவர் ஏமாந்துபோகவில்லை. எந்த வழியில் எடுத்தாலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அதே இடத்தில் மறுபடியும் பிதுங்கலாம். எலும்பே நழுவி நிற்கிறவர்களுக்கும், நரம்புக்குழாய் முழுக்கக் குறுகியவர்களுக்கும் இந்தச் சின்னத் துளை மட்டும் போதாமல் போகலாம். கை பழக நாளாகும் வேலை இது. ‘எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?’ என்று மருத்துவரைக் கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எனக்கு இது தேவையா என்பது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015இல் ஓர் அமெரிக்கக் குழு வெளியிட்ட கணக்கின்படி, இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், ஐம்பதில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் புடைத்திருக்கிறது. யாருக்கும் வலி இல்லை! ஆகவே ஸ்கேன் அறிக்கையில் இரண்டு இடத்தில் புடைப்பு என்று இருப்பதை மட்டும் வைத்து யாரும் பயப்பட வேண்டியதில்லை, நகையை அடகுக்கடைக்கு எடுத்துப்போக வேண்டியதும் இல்லை. கால்வலியோடு வருகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் தானாகவே குறைகிறது. பிதுங்கி உடைந்து விழுந்த துண்டுகளை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவதை ஸ்கேனில் பார்க்கலாம். பெரிய துண்டுகள்தான் அதிகம் கரைகின்றன என்பது வேடிக்கை.

எனவே மருத்துவர்களின் பொது அறிவுரை: காத்திருங்கள். இந்த அறிவுரையைத்தான் நான் ஜெகதாப்பட்டினத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கச் சொல்கிறேன்.

2007இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இன்னொரு நெதர்லாந்து ஆய்வு வந்தது. கடுமையான கால்வலி ஆறு முதல் பன்னிரண்டு வாரமாக நீடித்த 283 பேர். ஒரு பகுதியினருக்கு உடனே அறுவை, இன்னொரு பகுதியினரைக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் வலி தாங்காமல் பின்னர் அறுவை செய்துகொண்டார்கள். ஒரு வருட முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். அறுவைக்கு அவசரமில்லை என்பதற்கு இந்த ஆய்வைத்தான் காட்டுவார்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது. குணமாக எடுத்துக்கொண்ட காலத்தின் இடைநிலை அளவு, அறுவை செய்துகொண்டவர்களுக்கு 4 வாரம், காத்திருந்தவர்களுக்கு 12 வாரம்.

இடையில் இருக்கும் அந்த எட்டு வாரம், ஆம்ஸ்டர்டாமில் அலுவலகம் போகிறவருக்கு வலி நிறைந்த விடுப்பு. சம்பளம் வந்துகொண்டிருக்கும். விசைப்படகுத் தொழிலாளிக்கோ வாரம் மூன்று தொழில் (கடல் பயணம்) வீதம் 24 தொழில். வருமானம் பங்கில், படகில் ஏறாதவருக்குப் பங்கு கிடையாது. அவர் முன்னே வைக்கப்படுவது அறுவையா, ஓய்வா என்ற தேர்வே அல்ல. வலி ஊசி போட்டுக்கொண்டு கடலுக்குப் போவது என்ற மூன்றாவது வழிதான் அவருக்கு எப்போதும் திறந்திருக்கிறது. டைக்ளோஃபினாக் மாத்திரை மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும். வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது என்ன செய்கிறது என்பது பல வருடம் கழித்துத் தெரியும். காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான். அந்தச் சிகிச்சைக்கு மட்டும் எந்தக் காப்பீடும் பணம் கட்டுவதில்லை.

நம்மிடம் திட்டங்களே இல்லை என்று சொல்ல முடியாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. அது மருத்துவமனைக்குப் போகும் பணம். வீட்டு அடுப்புக்கு அல்ல. மீனவர்களுக்கு மத்திய அரசின் விபத்துக் காப்பீடு இருக்கிறது: உயிரிழப்புக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், விபத்தில் மருத்துவமனையில் சேர்ந்தால் 25,000 ரூபாய். விபத்து என்றால் அதற்கு ஒரு தேதி வேண்டும், ஒரு சம்பவம் வேண்டும். இருபது வருடம் மடி இழுத்து நைந்த முதுகு எந்தத் தேதியில் விபத்துக்குள்ளானது என்று படிவத்தில் எழுதுவது?

இந்த இடத்தில் எனக்குத் தோன்றும் யோசனை, ஏற்கெனவே அரசு செய்துகொண்டிருக்கும் ஒன்றிலிருந்து வருகிறது. கிழக்குக் கடற்கரையில் ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாளாக இருந்தது 2017 முதல் 61 நாள். மீன் குஞ்சு பொரித்துப் பெருக வேண்டும் என்பதற்காகத் தொழிலை நிறுத்தச் சொல்லி, அதற்காகக் குடும்பத்துக்கு நிவாரணமும் தருகிறோம். இப்போது 8,000 ரூபாய். போதுமா என்பது வேறு விவாதம். ஓய்வு தேவை என்றால் அதற்குப் பொதுப்பணத்திலிருந்து ஒரு தொகை கொடுக்கலாம் என்ற கொள்கையை நாம் ஏற்றுக்கொண்டாகிவிட்டது, மீனுக்காக.

61 நாள் என்பது ஏறக்குறைய ஒன்பது வாரம். டிஸ்க் பிதுங்கியவருக்கு அறுவை பற்றி முடிவெடுக்கும் முன் மருத்துவர்கள் சொல்லும் ஆறு வார ஓய்வும் பயிற்சியும் இதற்குள் அடங்கும். ஏப்ரல் பிற்பகுதியில் எண்டோஸ்கோப் அறுவை செய்துகொண்டவர், கனம் தூக்கும் வேலைக்குத் திரும்பும் முன் விட வேண்டிய ஆறு முதல் பன்னிரண்டு வார இடைவெளியில் பெரும்பகுதியை இதற்குள் கழித்துவிடலாம். வருடத்தில் வேறு எப்போதும் இந்த வாய்ப்பு இல்லை. இப்போது அந்த இரண்டு மாதம் எப்படிப் போகிறது? படகைக் கரையேற்றி, பலகை மாற்றி, பெயின்ட் அடித்து, வலை பின்னி. கையில் காசில்லாதவர்கள் கூலி வேலைக்கு வெளியூர் போய்விடுகிறார்கள். படகுக்குக் கிடைக்கும் பராமரிப்பு முதுகுக்குக் கிடைப்பதில்லை.

தடைக்காலத்தில் மீன்துறை அதிகாரிகள் தளத்துக்கு வந்து ஒவ்வொரு விசைப்படகாக ஆய்வு செய்கிறார்கள். பதிவெண், நீளம், இன்ஜின், உயிர்காப்புச் சாதனம் எல்லாம் பார்ப்பது வழக்கம். தடைக்காலம் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஆட்களையும் பார்க்க ஒரு நாள் ஒதுக்கினால் என்ன? ஓர் எலும்பு மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர் இரண்டு பேர் போதும். காலை நேராகத் தூக்கச் சொல்லி, குதிகாலிலும் விரலிலும் நடக்கச் சொல்லிப் பார்த்தாலே யாருக்கு நரம்பு மாட்டியிருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். ஸ்கேன் எல்லோருக்கும் வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தரும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு அது பெரிய உதவி. படுக்கையில் விழுவதற்கு முன்னால் இருக்கும் முப்பத்தைந்து வயதுக்காரரையும் அதன் பட்டியலில் சேர்க்க வேண்டும். அறுவை தேவைப்படும் சிலருக்கு அரசு மருத்துவக் கல்லூரியில் மே முதல் வாரத்துக்குள் நாள் குறித்துக் கொடுக்க வேண்டும்.

வலி ஏப்ரலுக்காகக் காத்திருக்குமா என்று கேட்பீர்கள். காத்திருக்காது. நவம்பரில் பிடித்துக்கொண்டவருக்கு இந்த ஏற்பாடு உதவாது. அவருக்கு மீனவர் நல வாரியத்தின் வழியாக, மருத்துவர் சான்றின் பேரில், தடைக்கால நிவாரணத்தைப் போலவே ஒரு தொகை வேண்டும். தடைக்காலமே இல்லாத நாட்டுப்படகுக்காரருக்கும் நண்டு உடைக்கும் பெண்ணுக்கும் அது இன்னும் அவசியம். பொய்ச் சான்றிதழ் வாங்குவார்கள் என்ற ஆட்சேபம் உடனே வரும். வாங்குவார்கள். அரசு ஊழியர்களின் மருத்துவ விடுப்பிலும் அது நடக்கிறது. அதற்காக அந்த விடுப்பை யாரும் ரத்து செய்யவில்லை.

காத்திருக்கவே கூடாத ஒரு நிலையையும் சொல்லியாக வேண்டும். இரண்டு காலும் திடீரென்று தளர்வது, சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது அல்லது தெரியாமலே போவது, உட்காரும் இடமும் தொடையிடுக்கும் மரத்துப்போவது. நரம்புக் கற்றை முழுவதையும் துண்டு நசுக்குகிறது என்று அர்த்தம். இதில் எண்டோஸ்கோப்பா, திறந்த அறுவையா என்பதெல்லாம் பொருட்டில்லை, நேரம்தான் பொருட்டு. 48 மணி நேரத்துக்குள், முடிந்தால் அதற்கும் முன்பே, அழுத்தத்தை எடுத்துவிட வேண்டும். நடுக்கடலில் ஒருவருக்கு இது வந்தால் படகு வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். கரையிலிருந்து மணமேல்குடிக்கும் அறந்தாங்கிக்குமாக அலைந்து நேரத்தை இழக்காமல், நரம்பியல் அறுவை மருத்துவர் இருக்கும் இடத்துக்கு 108 வண்டி நேராகப் போக வேண்டும். வெட்கப்பட்டுக்கொண்டு சிறுநீர்ப் பிரச்சினையைச் சொல்லாமல் இருப்பவர்கள் உண்டு. டோக்கன் கொடுக்கும் இடத்தில் வானிலை எச்சரிக்கை ஒட்டுகிறோம். அதன் பக்கத்தில் இந்த மூன்று அறிகுறிகளையும் பெரிய எழுத்தில் ஒட்ட ஒரு நாள் போதும், ஒரு சுற்றறிக்கை போதும்.